விளக்கும் குடமும்: ஒரு தேர்தலை நிறுத்திய வாக்கெடுப்பு



அரசியலமைப்பு வரலாற்றில் எதைப் பற்றியும் பேசலாம் என்று அறக்கட்டளைக் குழுவினர் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். சுவிற்சர்லாந்து தொடங்கி சிலி வரை நடந்த சர்வசன வாக்கெடுப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் ஒன்றும் நினைவில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். 1982 டிசம்பர் 22, புதன்கிழமை. இலங்கை தன் வரலாற்றில் நடத்திய ஒரே சர்வசன வாக்கெடுப்பு அன்றைக்குத்தான் நடந்தது. அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அன்று வாக்காளர் கையில் கிடைத்த சீட்டில் வேட்பாளர் பெயர் எதுவும் கிடையாது. ஒரு கேள்வி, இரண்டு படங்கள். 'ஆம்' என்றால் விளக்கு. 'இல்லை' என்றால் குடம். சிங்களத்தில் இன்றும் அந்த வாக்கெடுப்பை 'லாம்பு கலகெடி' என்றே நையாண்டியாகச் சொல்வார்கள். கேள்வியோ வர்த்தமானி இலக்கத்தோடும் திகதியோடும் தொடங்கும் நீண்ட சட்ட வாக்கியம். அரசியலமைப்பின் நாலாம் திருத்தச் சட்டமூலத்தை அங்கீகரிக்கிறீர்களா, அதன்படி முதலாவது பாராளுமன்றம் 1989 ஆகஸ்ட் 4 வரை தொடரலாமா என்பது அதன் சாரம். இன்னும் சுருக்கினால்: வரவேண்டிய பொதுத் தேர்தல் ஆறு ஆண்டுக்கு வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

வாக்கைக் கேட்டு வாக்கை மறிக்கும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று அறிய 1977க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு விழுந்தவை 50.9 சதவீத வாக்குகள். கிடைத்தவை 168 ஆசனங்களில் 140. வாக்கில் பாதி, ஆசனத்தில் ஆறில் ஐந்து. தொகுதிக்கு முதலில் வருபவரே வெற்றி என்ற முறையின் விளைவு அது. ஏறத்தாழ 30 சதவீதம் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனம். வடக்கு கிழக்கில் 18 ஆசனம் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இந்தப் பெரும்பான்மையை வைத்து ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தன 1978 செப்டம்பர் 7இல் புதிய அரசியலமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி வந்தார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. மக்களைக் கேட்காமல் மாற்றக் கூடாத விடயங்கள் என்று ஒரு பட்டியலும் வந்தது. 83ஆம் உறுப்புரை அது. நாட்டின் ஒற்றையாட்சித் தன்மை, மக்களின் இறைமை, பௌத்தத்துக்குரிய இடம், சிந்தனை மற்றும் மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான காப்பு முதலியவற்றில் கை வைப்பதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். அதே பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: ஜனாதிபதியின் அல்லது பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டுவது.

இந்தக் கடைசி வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 1975 நினைவுக்கு வரும். 1970இல் தெரிவான சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, 1972இல் புதிய குடியரசு யாப்பைக் கொண்டுவந்து, ஐந்து ஆண்டுக் காலத்தை அந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கி, ஆட்சியை 1977 வரை இழுத்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து ஓர் எதிர்க்கட்சித் தலைவர் தன் கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்தார்; இடைத்தேர்தலில் நின்று 1975 ஜூலையில் மீண்டும் வென்றார். அந்தத் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தனதான்.

அதே ஆண்டு பெப்ரவரி 6இல் காங்கேசன்துறையில் இன்னோர் இடைத்தேர்தல். தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1972 யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட அந்த ஆண்டு அக்டோபரிலேயே ஆசனத்தைத் துறந்திருந்தார். அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் தேர்தலை வைக்காமல் கடத்தியது. வைத்தபோது அவருக்கு 25,927 வாக்கு. எதிர்த்து நின்ற வி. பொன்னம்பலத்துக்கு 9,457. சர்வசன வாக்கெடுப்புக்கு இடமே இல்லாத ஒரு யாப்பின் கீழ், ஒரு தொகுதியின் மக்களை வைத்து அந்த யாப்பின் மீதே நடத்திய வாக்கெடுப்பு அது. ஜே.ஆரும் செல்வநாயகமும் ஒரே ஆண்டில் ஒரே வழியைக் கையாண்டார்கள். இருவரும் தங்கள் ஆசனத்தைப் பணயம் வைத்துத்தான் மக்களைக் கேட்டார்கள். 1982இல் கேட்டவர் எதைப் பணயம் வைத்தார் என்பது என் கேள்வி.

1982க்கு வருவோம். ஜே.ஆரின் முதற்காலம் 1984 வரை இருந்தது. நான்கு ஆண்டு முடிந்ததும் ஜனாதிபதி விரும்பினால் முன்கூட்டியே தேர்தலுக்குப் போகலாம் என்று ஆகஸ்ட் மாதம் மூன்றாம் திருத்தம் செய்தார்கள். சிறிமாவோவின் குடியியல் உரிமையை 1980இலேயே ஏழு ஆண்டுக்குப் பறித்தாயிற்று. ஆகவே எதிர்த்தரப்பின் பலமான வேட்பாளர் களத்திலேயே இல்லை. அக்டோபர் 20இல் நடந்த தேர்தலில் ஜே.ஆருக்கு 34,50,811 வாக்கு, 52.91 சதவீதம். சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 25,48,438. ரோகண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார ஆகிய நால்வருக்கும் சேர்த்து ஐந்து இலட்சத்துச் சொச்சம். வாக்களித்தோர் 81 சதவீதம்.

நல்ல வெற்றி. அடுத்ததாகப் பொதுத் தேர்தலை வைத்திருந்தால் ஐக்கிய தேசியக் கட்சிதான் வென்றிருக்கும். பிறகேன் தேர்தலைத் தவிர்த்தார்? சுதந்திரக் கட்சிக்குள் இருந்த ஒரு குழு வன்முறைச் சதி தீட்டுகிறது, அந்த 'நக்சலைட்டுகள்' பாராளுமன்றத்துக்குள் வந்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க தடுத்து வைக்கப்பட்டார். அந்தச் சதி எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

உண்மைக் காரணம் கணக்கில் இருக்கிறது. அடுத்த பொதுத் தேர்தல் அவரே கொண்டுவந்த விகிதாசார முறையில் நடக்க வேண்டும். 53 சதவீத வாக்கை அந்த முறையில் போட்டால் சாதாரண பெரும்பான்மை வரும். மூன்றில் இரண்டு வராது. இது ஊகமல்ல. 1989 பெப்ரவரி 15இல் அந்தத் தேர்தல் ஒருவழியாக நடந்தபோது ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது 50.7 சதவீதம், ஆசனங்கள் 225இல் 125. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு தேர்தல்கள், ஏறத்தாழ ஒரே வாக்கு வீதம். ஒன்றில் ஆசனம் 83 சதவீதம், மற்றதில் 56. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதுதான் 1982 டிசம்பர். நினைத்தபோது யாப்பைத் திருத்தும் வசதியை இழக்க அவருக்கு மனமில்லை. தனக்குப் பின் வருபவர் யாரும் அந்தப் பலத்தைப் பெறக் கூடாது என்று விகிதாசாரத்தைக் கொண்டுவந்தவர், அது முதலில் தன் மேல் பாயும் நாள் நெருங்கியதும் நாளையே தள்ளிவைத்தார்.

உறுப்பினர்கள் பின்வாங்காமலிருக்க அவர்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏழு நீதியரசர்கள் கேட்டார்கள். மூன்றில் இரண்டும் மக்கள் அங்கீகாரமும் கிடைக்குமானால் இதை ஆராயத் தமக்கு நியாயாதிக்கம் இல்லை என்று நால்வர் சொன்னார்கள். மூவர் உடன்படவில்லை. நாட்டின் அதியுயர் மன்றில் ஒரே ஒரு நீதியரசர் மாறி நின்றிருந்தால் இன்றைய பொழிவுக்கு வேறு தலைப்புத் தேட வேண்டியிருந்திருக்கும்.

அக்டோபர் 20இலிருந்து டிசம்பர் 22 வரை சரியாக ஒன்பது வாரம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகை அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். வாக்களிப்பு நாளில் முகவர்களை விரட்டியதும் ஆள்மாறாட்டமும் பல தொகுதிகளில் நடந்தன. தேர்தல் ஆணையாளராக இருந்த சந்திரானந்த டி சில்வா பின்னாளில் வெளியிட்ட அறிக்கையே இவற்றைப் பேசுகிறது. அரசு அதிகாரி ஒருவர் அப்படி எழுதுவதற்கு அந்தக் காலத்தில் துணிவு வேண்டும்.

முடிவு: விளக்குக்கு 31,41,223. குடத்துக்கு 26,05,983. சதவீதத்தில் 54.66க்கு 45.34. வாக்களித்தோர் 71 சதவீதம்.

இந்த எண்களை அக்டோபர் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சதவீதத்தைப் பார்த்தால் ஜே.ஆரின் செல்வாக்கு இரண்டு மாதத்தில் கூடியது போல் தெரியும். வாக்கை எண்ணினால் மூன்று இலட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. சதவீதம் கூடியது எதிர்த்தரப்பு அதைவிட அதிகம் இழந்ததால்தான். அக்டோபரில் ஜே.ஆருக்கு எதிராக விழுந்தவை 30,71,336. டிசம்பரில் குடத்துக்கு விழுந்தவை அதில் நாலரை இலட்சத்துக்கு மேல் குறைவு. அந்த வாக்காளர்கள் மனம் மாறவில்லை என்றே நினைக்கிறேன். மாறியிருந்தால் விளக்கின் எண்ணிக்கை ஏறியிருக்கும். அவர்கள் வரவில்லை, அல்லது வர முடியவில்லை. அக்டோபரின் எதிர்வாக்கு முழுவதும் டிசம்பரிலும் விழுந்திருந்தால் வித்தியாசம் எழுபதாயிரத்துக்கும் குறைவாக இருந்திருக்கும். முகவர் விரட்டப்பட்ட சாவடிகளை நினைத்துக்கொண்டு அந்த எழுபதாயிரத்தைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இடாப்பில் இருந்த வாக்காளர் 81,45,015 பேர். அவர்களில் விளக்குக்குப் புள்ளடி போட்டவர்கள் 39 சதவீதத்துக்கும் குறைவு. செல்லுபடியான வாக்குகள் இடாப்பின் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்காவது ஆம் சொல்லியிருக்க வேண்டும் என்று 85ஆம் உறுப்புரை ஒரு காப்பு வைத்திருக்கிறது. டிசம்பரில் அந்தக் காப்பு வேலைக்கே வரவில்லை. வாக்குகள் மூன்றில் இரண்டைத் தாண்டிவிட்டன. தாண்டாமல் இருந்திருந்தாலும் 39 என்பது 33ஐவிடப் பெரிது. ஒரு நாட்டின் பொதுத் தேர்தலை ஆறு ஆண்டுக்கு இல்லாமல் செய்ய நூற்றுக்கு முப்பத்துநான்கு பேர் போதும் என்பதை யாப்பு எழுதியவர்கள் காப்பு என்று நம்பியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். அக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி யாரையும் நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. வாக்களித்தவர்களில் குமார் பொன்னம்பலம் முதலிடம். ஆச்சரியம் இரண்டாமிடத்தில் இருந்தது: கொப்பேகடுவவுக்கு 35 சதவீதம். சிறிமாவோ ஆட்சியில் அவர் விவசாய அமைச்சர். இறக்குமதியை இறுக்கிய அந்த ஆண்டுகளில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட யாழ்ப்பாணத்து விவசாயி நல்ல விலை கண்டார். 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, விலை விழுந்தது. இனப்பிரச்சினை ஒன்றுதான் நம் வாக்கை நகர்த்துகிறது என்று சொல்பவர்களுக்கு நான் அந்த 35 சதவீதத்தைக் காட்டுவது வழக்கம்.

டிசம்பரில் நாடு முழுக்க வாக்களிப்பு பத்துப் புள்ளி இறங்கியபோது யாழ்ப்பாணத்தில் ஏறியது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குடத்துக்குப் போட்டார்கள். நூலகம் எரிந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அதை மறந்து யாரும் சாவடிக்குப் போயிருக்க முடியாது. ஆனாலும் கையில் எடுத்தது புள்ளடி போடும் பென்சிலைத்தான் என்பதைக் கவனியுங்கள். மலையகத்தின் கதை வேறு. அங்கே சௌமியமூர்த்தி தொண்டமான் அரசில் அமைச்சர். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் விளக்கின் பக்கம் நின்றது. தமிழ் வாக்கு என்று ஒன்றை ஒற்றையாகப் பேசுவது அன்றைக்கும் பிழை.

யாழ்ப்பாணத்தின் அந்தப் பெரும்பான்மை எங்கே போனது? எங்கும் போகவில்லை, நாட்டுக் கூட்டுத்தொகையில் கரைந்தது. அவுஸ்திரேலியாவில் யாப்புத் திருத்தம் நிறைவேற நாட்டுப் பெரும்பான்மையோடு ஆறு மாநிலங்களில் நான்கின் பெரும்பான்மையும் வேண்டும். அதனால் 1901 முதல் முன்வைக்கப்பட்ட 45 யோசனைகளில் எட்டுத்தான் தேறின. நல்லவையும் பல தோற்றன என்று அங்கே குறைப்படுவார்கள், அது நியாயமான குறைதான். ஆனால் ஒரு பிரதேசம் முழுதாகச் சொல்லும் 'இல்லை'க்கு எடை தரும் வழி உலகில் இருக்கிறது, 1978இல் அதை விட்டுவிட்டார்கள்.

ஜே.ஆரின் முன்மாதிரி பிரான்ஸ். ஐந்தாம் குடியரசை நிறுவிய டி கோல் 1958இலும் 1962இலும் வாக்கெடுப்பு வைத்து வென்றவர். யாப்பின் முறையான வழியைச் சுற்றிக்கொண்டு போனார் என்ற குற்றச்சாட்டு 1962இல் அவர்மேலும் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தன் பதவியைக் கேள்வியோடு சேர்த்துக் கட்டினார். 1969 ஏப்ரல் 27இல் 52 சதவீதத்துக்கு மேல் 'இல்லை' என்றார்கள். மறுநாள் வீட்டுக்குப் போய்விட்டார். ஜே.ஆர். டி கோலிடமிருந்து பதவியை எடுத்துக்கொண்டார், பணயத்தை விட்டுவிட்டார். குடம் வென்றிருந்தாலும் அவர் பதவிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேர்தல் ஒன்று வந்திருக்கும், அவ்வளவே. குத்தகைக்காரனே தவணைப் பத்திரத்தை எழுதி, நாளும் குறித்து, காணிக்காரனிடம் கைநாட்டு மட்டும் கேட்டதுபோல் இருந்தது அந்த டிசம்பர்.

ஒன்றை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். விளக்கு தோற்ற தொகுதிகளின் தன் கட்சி உறுப்பினர்களை விலகச் சொல்லி, 1983 மே 18இல் 18 இடைத்தேர்தல்கள் வைத்தார். 14இல் வென்றார். மகரகமவில் தினேஷ் குணவர்தன வென்று முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தது அன்றுதான். கண்துடைப்பு என்று எதிர்க்கட்சிகள் கூறின. எனக்கோ அது ஒரு மனிதரின் சங்கடமாகத் தெரிகிறது. 1975இல் தான் செய்ததை அவர் முழுதாக மறந்திருக்கவில்லை.

அதே மே மாத உள்ளூராட்சித் தேர்தலை வடக்கில் புறக்கணிக்கும்படி ஆயுத இயக்கங்கள் கேட்டன. யாழ்ப்பாணத்துச் சாவடிகள் ஏறத்தாழ வெறுமையாகக் கிடந்தன. டிசம்பரில் குடத்துக்குப் புள்ளடி போட வரிசையில் நின்ற அதே மக்கள். ஐந்து மாதம்தான் இடையில். அச்சம் ஒரு காரணம், இயக்கங்களின் செல்வாக்கு ஒரு காரணம். போட்ட வாக்கு எங்கும் போய்ச் சேரவில்லை என்ற அனுபவமும் ஒரு காரணம். எது எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல ஆசைப்படுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஜூலை இனக்கலவரம் வந்தது. ஆகஸ்ட் 8இல் ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கூட்டணி உறுப்பினர்கள் மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். ஆறு ஆண்டுக்கு நீட்டப்பட்ட பாராளுமன்றத்தில் வடக்கின் ஆசனங்கள் வெறுமையாகின. தெற்கில் ஜனதா விமுக்தி பெரமுன தடை செய்யப்பட்டு, 1987 முதல் இரண்டாம் முறை ஆயுதம் தூக்கியது. இதற்கெல்லாம் வாக்கெடுப்பு ஒன்றே காரணம் என்பது மிகை. 1983இல் ஒரு பொதுத் தேர்தல் நடந்திருந்தால், சலித்துப்போனவர்களில் ஒரு பகுதியினருக்காவது வேறு இடம் இருந்திருக்கும் என்பது மிகையல்ல.

அதற்குப் பிறகு வந்த ஆட்சியாளர்கள் எல்லோரும் வாக்கெடுப்பைக் கண்டு ஒதுங்கினார்கள். 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாண மக்களை 1988 டிசம்பர் 31க்கு முன் கேட்கச் சொன்னது. ஜனாதிபதிகள் மாறினார்கள்; வாக்கெடுப்பு மட்டும் வர்த்தமானியில் தள்ளிவைக்கப்பட்டுக்கொண்டே வந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாகாணத்தில் முடிவு எப்படி அமையும் என்ற அச்சம் எல்லாத் தரப்புக்கும் இருந்தது. 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது; 2007 ஜனவரி 1இல் மாகாணங்கள் பிரிந்தன. கிழக்கின் வாக்காளரை யாரும் எதுவும் கேட்கவில்லை. 2001இல் சந்திரிகா குமாரதுங்க புதிய யாப்பு வேண்டுமா என்று கேட்கத் திகதி குறித்தார், பின் கைவிட்டார்.

2015இல் பத்தொன்பதாம் திருத்தம் வந்தபோது சில வாசகங்களுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அரசு வாக்கெடுப்புக்குப் போகாமல் வாசகங்களை வெட்டியது. 2020இல் இருபதாம் திருத்தத்துக்கும் அதே கதை. 83ஆம் உறுப்புரை இப்படி ஒரு பூட்டாகிவிட்டது; திறக்க யாரும் துணியாத பூட்டு. சில வேளை அது நம்மைக் காத்தது. அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதே பூட்டு வழியையும் மறித்தது. ஆகவே அந்த உறுப்புரையை எடுத்தெறியச் சொல்லமாட்டேன், ஜே.ஆரை எதிர்ப்பவர்கள் அவசரப்பட்டு அப்படிச் சொல்வதுண்டு.

2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி விகிதாசார முறையிலேயே 159 ஆசனம் பெற்று மூன்றில் இரண்டைத் தாண்டியது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம். ஜே.ஆரின் கணக்கு இனிச் செல்லாது. புதிய யாப்பு ஒன்று வருமானால் அதுவும் 83, 85 ஆகிய உறுப்புரைகளின் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சட்ட மாணவர்கள் இப்போதே எழுதத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றும் திருத்தங்கள் மூன்று. பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டும் கேள்வியை அந்தப் பாராளுமன்றமே கேட்க முடியாதபடி 83இன் அந்த வரியைத் திருத்துவது. அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருக்கும்போது எந்த வாக்கெடுப்பும் செல்லாது என்று எழுதுவது. நாட்டுப் பெரும்பான்மையோடு ஒன்பது மாகாணங்களில் குறைந்தது ஆறின் பெரும்பான்மையும் கேட்பது. மூன்றாவதை எதிர்ப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள் என்று தெரியும். கேள்வி நேரத்தில் அதிலிருந்தே தொடங்குவோம்.